வானத்துக்கு வவுச்சர் உண்டா?

ஒரு சின்ன கேள்வி. கூகுளைத் தொடாமல் பதில் சொல்ல வேண்டும். நம் சென்னையில் முதன்முதலில் விமானம் ஓட்டிக் காட்டியவர் யார்?

தெரியவில்லையா? பரவாயில்லை. இன்னொன்று, கொஞ்சம் சுலபம். நம் நாட்டில் நீங்கள் போய் இறங்கிய விமான நிலையங்களில், 'இவர் நல்லா பிளேன் ஓட்டினார்' என்பதற்காகவே ஒருவர் பெயரைச் சூட்டிய நிலையம் எது?

யோசித்துக்கொண்டே இருங்கள். அதற்குள் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

திண்டுக்கல்லில் உட்கார்ந்துகொண்டு விமானம் பற்றி எழுதுவதே கொஞ்சம் வேடிக்கைதான். எங்கள் ஊரில் விமான நிலையம் கிடையாது. பிளேன் பிடிக்க வேண்டுமென்றால் மதுரைக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் திருச்சி. 'ஏர்ஃபோர்ஸ் அகாடமி உங்க ஊர்லதானே சார் இருக்கு?' என்று வெளியூர்க்காரர்கள் சில பேர் கேட்பார்கள். அது ஹைதராபாத் பக்கத்தில் இருக்கும் துண்டிகல். ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டே எழுத்து வித்தியாசம். அந்த இரண்டு எழுத்தில் எங்களுக்கு ஒரு விமானப்படைத் தளமே தவறிப்போய்விட்டது! மற்றபடி எங்களுக்கும் ஆகாயத்துக்கும் உள்ள உறவு, மலைக்கோட்டை உச்சியில் மூச்சு வாங்க நின்றுகொண்டு, வெள்ளைக்கோடு கிழித்துக்கொண்டு போகிற ஜெட்டை அண்ணாந்து பார்ப்பதுதான்.

அண்ணாந்து பார்க்கிறவனுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. மேலே முதலில் போனது யார் என்று அவனுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும். அந்த இடத்தில்தான் நாம் கோட்டை விடுகிறோம் என்பது என் புகார்.

சமீபத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி. நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். விமானம் பற்றித்தான் தலைப்பு. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மைக்கைப் பிடித்தான். 'ரைட் சகோதரர்களுக்கு எட்டு வருடங்களுக்கு முன்பே, 1895-ல், மும்பை சௌபாத்தி கடற்கரையில் ஷிவ்கர் பாபுஜி தல்படே என்ற இந்தியர் 1,500 அடி உயரத்துக்கு விமானத்தைப் பறக்கவிட்டார். வெள்ளைக்காரன் அதை மறைத்துவிட்டான்!' என்று முழங்கினான். கைதட்டல் என்றால் கைதட்டல், அப்படி ஒரு கைதட்டல். ஆசிரியர்களும் சேர்ந்து தட்டினார்கள்.

பையன் மேல் தப்பே இல்லை. அவனுக்குக் கிடைத்ததை அவன் சொன்னான். கிடைக்கும்படி செய்தவர்கள் பெரியவர்கள். 2015 ஜனவரியில் மும்பையில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில், பழங்கால இந்தியாவில் விமானங்கள் பறந்ததாக ஒரு கட்டுரை வாசிக்கப்பட்டது. அதே மாதக் கடைசியில் தல்படேயின் கதையை வைத்து 'ஹவாய்ஸாதா' என்ற இந்திப் படம் வெளியானது. ஆயுஷ்மான் குரானாதான் தல்படே. ஒரே மாதத்தில் மாநாட்டு மேடையும் சினிமாத் திரையும் கைகோத்தால் எட்டாம் வகுப்புப் பையன் என்ன செய்வான், பாவம்!

நான் பி.காம். படித்தவன். ஏரோடைனமிக்ஸ் எனக்குத் தெரியாது. ஆனால், கணக்குப் பதிவியல் வகுப்பில் முதல் வாரமே ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார்கள்: வவுச்சர் இல்லாமல் ஏட்டில் ஒரு வரி எழுதக்கூடாது. ஒரு ரூபாய்க்கு டீ வாங்கியிருந்தாலும் துண்டுச்சீட்டு வேண்டும். அந்தப் புத்தியோடு தல்படே கணக்கைப் பார்த்தேன்.

வவுச்சர் இல்லை.

அன்றைய மராத்திப் பத்திரிகையில் செய்தி வந்தது என்பார்கள். அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்ட மாட்டார்கள். பரோடா மகாராஜா பார்த்தார், நீதிபதி ரானடே பார்த்தார் என்பார்கள். அவர்கள் எழுதிவைத்ததாக ஒரு வரி காட்ட மாட்டார்கள். இந்தக் கதைக்கெல்லாம் ஆதாரமாகச் சொல்லப்படுகிற 'வைமானிக சாஸ்திரம்' என்ற நூலை பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் அக்கறையாகப் படித்து, 1974-லேயே ஆய்வுக்கட்டுரை எழுதிவிட்டார்கள். அந்த நூல் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டது. அதில் வர்ணிக்கப்படுகிற விமானங்கள் பறக்கும் லட்சணம் உள்ளவை அல்ல என்பது அவர்கள் முடிவு. அந்த நூலைச் சொன்ன சுப்பராய சாஸ்திரியின் யோசனைப்படி தல்படே மாடல்கள் செய்து பார்த்தார், எதுவும் பறக்கவில்லை என்ற தகவலும் அந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது.

கவனியுங்கள், நான் தல்படேயைக் கேலி செய்யவில்லை. செய்து பார்த்தார் அல்லவா? அது பெரிய விஷயம். 'பறக்க ஆசைப்பட்டு முயன்ற இந்தியர்' என்று அவருக்கு ஒரு மாலை போட்டால் நானும் வந்து கைதட்டுவேன். ஆனால், முயன்றவரை ஜெயித்தவராக்கி ஏட்டில் எழுதுவது அவருக்கு மரியாதை அல்ல. அவர் பட்ட நிஜமான பாட்டை அழித்துவிட்டு, அந்த இடத்தில் நம் ஆசையை எழுதிவைக்கிறோம்.

நாகல் நகரில் எனக்குத் தெரிந்த பூட்டுத் தொழிலாளி ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அரத்தைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்: 'சாவி போட்டுத் திறந்து காட்டுனாத்தான் சார் அது பூட்டு. இல்லேன்னா வெறும் இரும்பு.'

முடிந்தது விமர்சனம்.

ரைட் சகோதரர்கள் திறந்து காட்டினார்கள். 1903 டிசம்பர் 17. கிட்டி ஹாக் பக்கத்து மணல்வெளி. முதல் பறப்பு 12 விநாடி, 120 அடி தூரம். அவ்வளவுதான்! எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ்ஸைத் தேடி அலைகிற தூரம்கூட இல்லை. ஆனால், அந்த 12 விநாடிக்கு அவர்கள் வைத்த வவுச்சரைப் பாருங்கள். ஆர்வில் முன்கூட்டியே கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவைத்தார். கடற்கரை உயிர்காப்பு நிலையத்து ஊழியர் ஜான் டேனியல்ஸ் அதை அமுக்கினார். ஐந்து பேர் சாட்சி. அப்பாவுக்குத் தந்தி. காற்றின் வேகம், விநாடிக் கணக்கு எல்லாம் குறிப்பில். அன்றைக்கே நான்காவது பறப்பில் 59 விநாடி, 852 அடி.

இவ்வளவு இருந்தும் அவர்களுக்கும் மரியாதை சுலபத்தில் கிடைக்கவில்லை. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம், தன் பழைய தலைவர் லாங்லி செய்த விமானம்தான் 'பறக்கும் ஆற்றல் பெற்ற முதல் விமானம்' என்று போர்டு மாட்டிவைத்தது. 1903-ல் ஆற்றில் இரண்டு முறை தொப்பென்று விழுந்த விமானம் அது! கோபம் வந்த ஆர்வில், தன் விமானத்தை 1928-ல் லண்டன் மியூசியத்துக்கு அனுப்பிவிட்டார். 1942-ல் ஸ்மித்சோனியன் தன் வாதத்தைப் பகிரங்கமாக வாபஸ் வாங்கியது. 1948 டிசம்பரில் விமானம் ஊர் திரும்பியது. அதைப் பார்க்க ஆர்வில் உயிரோடு இல்லை. அந்த வருட ஜனவரியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இதில் எனக்குப் பிடித்தது அந்த வாபஸ்தான். ஒரு தேசத்தின் பெருமைக்குரிய நிறுவனம், தன் தலைவர் பெயரைக் காப்பாற்ற எழுதிய பொய்க்கணக்கை, தானே அடித்துத் திருத்தியது. வலித்திருக்கும். ஆனாலும் செய்தார்கள்.

சரி, நம் ஏட்டுக்கு வருவோம். வவுச்சர் இல்லாத மரியாதையைப் பார்த்தோம். மரியாதை இல்லாத வவுச்சர்களும் நம்மிடம் கட்டுக்கட்டாக இருக்கின்றன.

முதல் கேள்விக்கு விடை இதோ. ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ். கார்ஸிகா தீவுக்காரர். சென்னை மவுன்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்தியவர். 1909 ஜூலையில் லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் தாண்டிய செய்தி உலகத்தையே உலுக்கியது. படித்தவர்கள் எல்லோரும் 'ஆகா' என்றார்கள். நம் ஹோட்டல்காரர் 'நாமும் செய்தால் என்ன?' என்றார். தானே டிசைன் போட்டார். மவுன்ட் ரோட்டிலேயே இருந்த சிம்ப்சன் கம்பெனியில் கொடுத்துக் கட்டச் சொன்னார். பல்லாவரத்தில் வைத்து ஓட்டிப் பார்த்தார். 1910 மார்ச்சில் பொதுஜனம் டிக்கெட் வாங்கிப் பார்த்தது. ஹோட்டல்காரர் இல்லையா, கட்டணத்தை விடுவாரா! இந்தியாவிலேயே முதல் விமானப் பறப்பு இதுதான் என்று சென்னையின் வரலாற்றைத் தோண்டித் தோண்டி எழுதிய எஸ்.முத்தையா பதிவு செய்திருக்கிறார்.

சிம்ப்சன் என்ற இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1840-ல் தொடங்கிய அந்தக் கம்பெனி, குதிரை வண்டி கட்டிப் பெயரெடுத்தது. அங்கே இருந்தவர்கள் விஞ்ஞானிகள் இல்லை. மரம் இழைக்கிறவர்கள், இரும்பு அடிக்கிறவர்கள், துணி தைக்கிறவர்கள். பாரம் தாங்க வேண்டும், கனம் கூடாது என்பது வண்டி கட்டுகிறவனுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த கணக்கு. அந்தக் கணக்கைத்தான் அவர்கள் ஒரு புது வண்டிக்குப் போட்டார்கள். சக்கரத்தில் ஓடுவதற்குப் பதிலாக அது காற்றில் ஏறியது. நம் முன்னோர் பெருமை பேச வேண்டுமா? இதோ இருக்கிறது. ஓலைச்சுவடியில் தேட வேண்டாம், மவுன்ட் ரோட்டுப் பட்டறையில் தேடுங்கள். கையால் வேலை செய்கிறவனின் பெருமை என்பதால்தான் நமக்கு அது பெருமையாகத் தெரியவில்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

பல்லாவரத்துக்குப் பதினோரு மாதம் கழித்து, 1911 பிப்ரவரி 18-ல், அலகாபாத்தில் ஆன்றி பெக்கே என்ற 23 வயது பிரெஞ்சுக்காரர் சுமார் 6,500 கடிதங்களை ஏற்றிக்கொண்டு யமுனை ஆற்றைத் தாண்டி நைனியில் இறக்கினார். உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால். தபால் துறை விவரமான துறை. முத்திரை குத்தி, கவர் போட்டு, கணக்கு வைத்தது. அதனால்தான் 2011-ல் நூற்றாண்டு வந்தபோது ஸ்டாம்ப் வெளியிட முடிந்தது. பல்லாவரத்துக்கு 2010 மார்ச்சில் நூறு வயது. ஊர் கூடிக் கொண்டாடியதாக உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கும் இல்லை.

அடுத்த வவுச்சர், 1932 அக்டோபர் 15. ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து தபாலோடு கிளம்பி, அகமதாபாத் வழியாக பம்பாய் வந்து இறங்கினார். இது எல்லோருக்கும் தெரியும். அகமதாபாத்தில் பெட்ரோல் மாட்டு வண்டியில் வந்தது என்பது கொஞ்சம் பேருக்குத் தெரியும். ஆனால், பம்பாயிலிருந்து அந்தத் தபாலை வாங்கிக்கொண்டு, பெல்லாரியில் ராத்தங்கி, மறுநாள் சென்னையில் கொண்டுவந்து இறக்கியவர் யார்? நெவில் வின்ட்சென்ட். முன்னாள் பிரிட்டிஷ் விமானப்படைக்காரர். விமானத் தபால் யோசனையையே டாடாவிடம் கொண்டுபோனவர் அவர்தான்.

ரேடியோ கிடையாது. வழிகாட்டும் கருவி எதுவும் தரையிலும் இல்லை, வானத்திலும் இல்லை. ரயில் பாதையையும் ஆற்றையும் மலையையும் கண்ணால் பார்த்து ஓட்ட வேண்டும். பம்பாய் ஜுஹுவில் ஓலைக் கொட்டகைதான் ஆபீஸ். மழைக்காலத்தில் ஜுஹு மைதானம் தண்ணீரில் கிடக்கும். அப்போது புனாவுக்கு ஜாகை மாற்ற வேண்டும். டாடா போட்ட முதல் இரண்டு லட்ச ரூபாய். அரசாங்க மானியம் இல்லை. முதல் முழு வருடத்தில் 1,60,000 மைல் பறந்தார்கள். பயணிகள் 155 பேர். லாபம் 60,000 ரூபாய். பி.காம்.காரனுக்குக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றும் பேலன்ஸ் ஷீட்!

வின்ட்சென்ட் 1942-ல், உலகப் போர் நடுவே, விமானத்தில் போகும்போதே இறந்துபோனார். டாடா பெயர் நமக்குத் தெரியும். அதுவும் தொழிலதிபர் என்ற தலைப்பின் கீழ்தான் தெரியும். 1929 பிப்ரவரியில் இந்தியாவில் வழங்கப்பட்ட பைலட் லைசென்ஸில் நம்பர் 1 அவருடையது என்பது அடிக்குறிப்பு. வின்ட்சென்ட்டுக்கு அந்த அடிக்குறிப்புகூட இல்லை.

அந்தக் காலத்து பைலட்டுகள் ஒருவரையொருவர் எப்படி மதித்தார்கள் என்பதற்கு ஒரு சம்பவம் உண்டு. 1929-ல் ஆகா கான் ஒரு பரிசு அறிவித்தார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் நடுவே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுண்ட். ஜே.ஆர்.டி. கராச்சியிலிருந்து லண்டன் நோக்கிக் கிளம்பினார். ஆஸ்பி இன்ஜினீயர் என்ற 17 வயதுப் பையன் லண்டனிலிருந்து இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தான். எகிப்தில் இருவரும் சந்தித்தார்கள். பையனிடம் ஸ்பார்க் ப்ளக் இல்லாமல் விமானம் நின்றிருந்தது. டாடா தன்னிடமிருந்த உபரி ப்ளக்கை எடுத்துக் கொடுத்தார். பையன் ஜெயித்தான். டாடா தோற்றார். அந்தப் பையன்தான் 1960-ல் இந்திய விமானப்படைத் தலைமைத் தளபதி ஆனார்.

இந்தச் சம்பவத்தை வைத்து ஒரு படம் எடுத்தால் 'ஹவாய்ஸாதா'வைவிட நன்றாக இருக்காதா? ஒரு பொய்கூடச் சேர்க்க வேண்டியதில்லை.

இன்னொரு வவுச்சர். இது நம் வீட்டுப் பெண். உஷா சுந்தரம். கணவர் வி.சுந்தரம் பைலட். பெங்களூரு பக்கம் ஜக்கூரில் இருந்த அரசுப் பயிற்சிப் பள்ளியில் 1949-ல் உஷா பைலட் ஆனார். சுதந்திர இந்தியாவின் முதல் பெண் பைலட் என்பார்கள். சமஸ்தானங்களை இணைக்க சர்தார் படேல் ஊர் ஊராகப் பறந்த காலத்தில், அவரை ஏற்றிக்கொண்டு போனவர்களில் இந்தத் தம்பதியும் உண்டு. 1951-ல் சென்னை அரசுக்காக டவ் என்ற சின்ன விமானத்தை வாங்கி, லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டிவந்தார்கள். அந்த வகை விமானத்தில் அது சாதனை. 2010-ல் உஷா காலமானார்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இன்றைக்கு இந்தியாவில் பைலட்டுகளில் சுமார் 15 சதவிகிதம் பெண்கள். உலக சராசரி ஐந்து சதவிகிதத்தை ஒட்டித்தான். நூற்றுக்கு நூறு பெருமைப்பட வேண்டிய கணக்கு இது. இதன் முதல் வரி எங்கே தொடங்கியது? 1936-ல் லாகூரில், 21 வயதில், புடவை கட்டிக்கொண்டு விமானம் ஓட்டிய சரளா தக்ரால். அப்புறம் உஷா. நான் நடுவராகப் போன அந்தப் போட்டியில் பேசியவர்களில் பாதிப் பேர் பெண் பிள்ளைகள். ஒருத்தி வாயிலிருந்தும் இந்த இரண்டு பெயரும் வரவில்லை. சொல்லிக்கொடுத்திருந்தால்தானே வரும்?

இப்போது இரண்டாவது கேள்வி. பைலட் பெயரில் விமான நிலையம்.

புவனேஸ்வரத்தில் பிஜு பட்நாயக் நிலையம் இருக்கிறதே என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். 1947-ல், டச்சுக்காரர்கள் வளைத்துக்கொண்டிருந்த இந்தோனேசியாவுக்குள் விமானத்தை ஓட்டிப்போய் அந்நாட்டுத் தலைவர் ஷாரிரை வெளியே கொண்டுவந்த அசகாய பைலட் அவர். ஹைதராபாத் நிலையத்துக்கு ராஜீவ் காந்தி பெயர். அவரும் இந்தியன் ஏர்லைன்ஸ் பைலட்தான். ஆனால் சத்தியமாகச் சொல்லுங்கள், அந்தப் பெயர்கள் அங்கே இருப்பது காக்பிட்டுக்காகவா, கோட்டைக்காகவா?

சென்னையில் அண்ணா, காமராஜர் பெயர்கள் இருப்பதில் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. அவர்கள் பெயரை எங்கே வைத்தாலும் தகும். மதுரை விமான நிலையத்துக்கு யார் பெயர் வைப்பது என்று பல வருடங்களாக நடக்கிற இழுபறி உங்களுக்குத் தெரியும். திண்டுக்கல்காரனுக்கு அதுதான் பக்கத்து நிலையம் என்பதால் நானும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். எந்தத் தரப்பும் ஒரு பைலட் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. பெயர் என்றால் நமக்கு ஆள்பலம். எத்தனை பேர் கூடுவார்கள், எத்தனை ஓட்டு விழும். தனியாகப் பறந்தவனுக்குக் கூட்டம் ஏது?

வெளியே பாருங்கள். சிட்னி நிலையத்துக்கு, பசிபிக் கடலை விமானத்தில் தாண்டிய கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித் பெயர். அவர் 1935-ல் நம் அலகாபாத்திலிருந்து சிங்கப்பூருக்குக் கிளம்பித்தான் கடலில் காணாமல் போனார். பிரேசிலின் ரியோவில் சாண்டோஸ் துமோன். பிரான்சின் லியோனில், பைலட்டாகவும் எழுத்தாளராகவும் இருந்த செயின்ட் எக்ஸுபெரி. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. வருடா வருடம் டென்னிஸ் பார்க்கிறீர்களே, பாரிஸில் ரோலாண்ட் கேரோஸ் மைதானம், அந்த ரோலாண்ட் கேரோஸ் யார்? டென்னிஸ் சாம்பியன் என்றுதானே நினைத்தீர்கள்? இல்லை. 1913-ல் மத்தியதரைக் கடலை முதன்முதலில் விமானத்தில் தாண்டியவர். 1918-ல் போரில் செத்துப்போனார். பத்து வருடம் கழித்து ஒரு டென்னிஸ் மைதானத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். பைலட்டை ஞாபகம் வைத்துக்கொள்ள பிரெஞ்சுக்காரனுக்கு விமான நிலையம்கூடத் தேவைப்படவில்லை!

நம் தமிழ் சினிமா ஏதும் செய்யவில்லையா என்றால், செய்திருக்கிறது. 2020-ல் வந்த 'சூரரைப் போற்று.' ஐந்து தேசிய விருது வாங்கிய படம். ஏர் டெக்கான் தொடங்கிய கேப்டன் கோபிநாத்தின் வாழ்க்கையைத் தழுவியது. நிஜத்தில் அவர் கர்நாடகக்காரர். படத்தில் சோழவந்தான்காரர். திண்டுக்கல்லில் ரயில் ஏறினால் கொடை ரோடு, வாடிப்பட்டி தாண்டினால் சோழவந்தான். எங்கள் பக்கத்து ஸ்டேஷன் பையன் விமானக் கம்பெனி ஆரம்பிக்கிறான் என்றதும் இங்கே எல்லோருக்கும் ஜிவ்வென்று இருந்தது. எனக்கும்தான். கற்பனை கலந்தது என்று அவர்களே சொல்லிவிட்டுத்தான் எடுத்தார்கள். அதனால் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 'ஜிவ்'வை யோசித்துப் பார்த்தேன். வானத்தில் நம்மவன் ஒருவன் இருக்க வேண்டும் என்ற ஏக்கம் நமக்கு நிஜமாகவே இருக்கிறது. அந்த ஏக்கத்துக்கு நல்ல சாப்பாடு போடாவிட்டால், 1895 சௌபாத்தி மாதிரி கண்டதையும் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளும்.

'இருந்துட்டுப் போகட்டும் சார். பொய்யோ நிஜமோ, பிள்ளைகளுக்கு ஒரு உற்சாகம் வருதுல்ல?' என்று ஒரு நண்பர் கேட்டார். வரவில்லை என்பதுதான் என் கட்சி. 'எல்லாம் நம்ம ஆளுங்க அப்பவே பண்ணிட்டாங்க' என்று சொல்லிக்கொடுத்தால், பிள்ளைக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. 'எல்லாம் வெள்ளைக்காரன் பண்ணினான்' என்று சொன்னால், தன்னால் ஆகாது என்று உட்கார்ந்துவிடும். இரண்டும் ஒரே பூட்டுதான். நிஜக்கதைதான் சாவி: ஒரு ஹோட்டல்காரர், ஒரு வண்டிப் பட்டறை, ஒரு பொட்டல் வெளி. படித்த பட்டம் இல்லை, பணக்கார சர்க்கார் இல்லை. செய்தார்கள், பறந்தது. இதைக் கேட்கிற பிள்ளைக்குத்தான் கை துறுதுறுக்கும்.

நம்மால் கணக்கு வைக்கவே தெரியாது என்றும் சொல்ல முடியாது. எங்கள் மாவட்டத்து மலைமேலேயே அதற்கு சாட்சி இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம். நூறு வருடத்துக்கு மேலாக, மேகம் விலகுகிற நாளிலெல்லாம் சூரியனைப் படம் பிடித்து அடுக்கிவைத்திருக்கிறார்கள். பழைய கண்ணாடித் தகடுகளை எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டது. 1909-ல் அங்கே ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு நகர்வதைக் கண்டுபிடித்தார். உலகம் முழுக்க இன்றைக்கும் அதற்கு 'எவர்ஷெட் விளைவு' என்றே பெயர். பிளேரியோ கால்வாயைத் தாண்டிய அதே வருடம். கொடைக்கானலில் நடந்தது உலகப் பாடப்புத்தகத்தில் ஏறியது. பல்லாவரத்தில் நடந்தது பல்லாவரத்துக்கே தெரியவில்லை. வித்தியாசம் ஒன்றுதான். அங்கே அன்றன்றைக்கு எழுதிவைத்தார்கள், எழுதியதைப் பத்திரமாக வைத்தார்கள்.

அவ்வளவு ஏன், எங்கள் திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சும்மா 'எங்க பூட்டு ஒசத்தி' என்று சொன்னால் கொடுத்துவிடுவார்களா? எங்கே செய்கிறீர்கள், எப்படிச் செய்கிறீர்கள், எத்தனை காலமாகச் செய்கிறீர்கள் என்று காகிதம் கேட்டார்கள். கொடுத்தோம். கிடைத்தது. ஒரு பூட்டுக்குக் கேட்கிற ஆதாரத்தை ஒரு விமானத்துக்குக் கேட்கக்கூடாதா?

சிலை வேண்டாம். சிலை வைத்தால் அதற்கு ஒரு கூண்டு, கூண்டுக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரு போலீஸ்காரர் என்று செலவு இழுத்துக்கொண்டே போகும். நான் கேட்பது மூன்றே ஐட்டம். பல்லாவரத்தில் ஒரு கல்வெட்டு: 1910, டி ஏஞ்சலிஸ், சிம்ப்சன் பட்டறைத் தொழிலாளர்கள். மீனம்பாக்கத்தில், தினம் ஆயிரக்கணக்கான பேர் பெட்டி தள்ளிக்கொண்டு போகிற வழியில், ஒரு பலகை: 1932, முதல் தபால், நெவில் வின்ட்சென்ட். எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு பக்கம்: உஷா சுந்தரம், சரளா தக்ரால், அந்த ஸ்பார்க் ப்ளக் கதை. மூன்றுக்கும் சேர்த்து ஆகிற செலவு, ஒரு அமைச்சர் வந்து போவதற்குக் கட்டுகிற அலங்கார வளைவு செலவைத் தாண்டாது.

ஜே.ஆர்.டி. தன் பங்குக்குச் செய்துவிட்டுப் போனார். 1982-ல், முதல் தபால் பறப்புக்குப் பொன்விழா வந்தபோது, விழா எடுத்துப் பொன்னாடை போர்த்திக்கொள்ளவில்லை. 78 வயதில், அதே மாதிரி ஒரு பழைய குட்டி விமானத்தைத் தேடிப்பிடித்து, கராச்சியிலிருந்து பம்பாய்க்கு மறுபடி ஓட்டிவந்தார். செய்ததை மறுபடி செய்து காட்டுவதைவிட நல்ல வவுச்சர் எது?

அரசாங்கம் கல் நடும்போது நடட்டும். நம் கையில் ஒன்று இருக்கிறது. அடுத்த முறை சென்னையில் இறங்கும்போது, பக்கத்தில் ஏதாவது ஒரு வாண்டு ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கீழே பல்லாவரம் தெரியும். 'அதோ பார் கண்ணு, அங்கேதான் ஒருத்தர்...' என்று ஆரம்பியுங்கள். வண்டி நின்று கதவைத் திறப்பதற்குள் சொல்லி முடித்துவிடலாம்.